கூட்டம் இல்லாத படம்

போன மாதம் எங்கள் அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளையாட்டு தொடங்கியது. மனசுக்குப் பிடித்த பத்துப் படங்களை ஆளாளுக்கு எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, எல்லோரும் எழுதுகிற படங்களை எழுதக் கூடாது. பத்திரிகைகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தூசி தட்டி எடுத்து வைக்கிற காவியங்கள், விருது வாங்கியவை, தொலைக்காட்சியில் போட்டுப் போட்டே தேய்ந்துபோனவை எல்லாம் சேர்த்தி இல்லை. விளையாட்டைத் தொடங்கிய பெண் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அவளிடம் சலுகை கேட்டு ஜெயித்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் யாரும் கிடையாது.

எளிது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடித்திருப்பேன். ஊரே மெச்சியதை நானும் மெச்சி, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவற்றையெல்லாம் எடுத்துவிட்ட பிறகு எனக்கென்று என்ன மிச்சம் என்று பார்த்தால் சங்கடமாக இருந்தது. முதலில் எழுதியவை எல்லாம் ரசனைக்காரி என்று காட்டிக்கொள்வதற்காக எழுதியவை. அதில் இரண்டு, நான் பாதியில் தூங்கிப்போனவை. இன்னொன்று கொரியாக்காரர்கள் எடுத்தது. அதில் யார் நல்லவன் யார் கெட்டவன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

பிறகு வேறு மாதிரி யோசித்தேன். எந்தப் படத்தை நினைத்தால் நான் உட்கார்ந்திருந்த இடமும் பக்கத்தில் இருந்த ஆளும் சேர்ந்து ஞாபகத்துக்கு வருகிறதோ, அதுதான் என் படம் என்று வைத்துக்கொண்டேன். அதன் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. விடுதியிலிருந்து வார்டனுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த பேய்ப்படம் ஒன்று வந்தது. அன்று நாங்கள் பயந்தது முழுக்க வார்டனுக்குத்தான். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துப் பார்த்த சண்டைப்படம் வந்தது. அதில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் அந்த நாயகனை நினைத்தால் மகளின் பால் வாசம் வரும். இப்படி ஒன்பது சேர்ந்துவிட்டன. முதல் இடத்துக்கு எது என்பதில் எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தின் பெயர்தான் எனக்குத் தெரியவில்லை.

அதைப் பார்த்தது நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில். அப்பாவுக்குக் கோயமுத்தூரில் மில் வேலை. பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருந்த அவள் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விடுவாள். அங்கே மாமாவும் அத்தையும், அம்மாவுக்கு இளையவளான சித்தியும் இருந்தார்கள். அந்த வருஷம் போன கையோடு எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையும் நானுமாகப் படுத்துக் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்த அடுத்த வாரம், எல்லோரும் பொள்ளாச்சிக்கு சினிமாவுக்குப் போகிறோம் என்றார்கள். எனக்காகத்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அம்மை வந்து பிழைத்த பிள்ளைக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

உண்மையில் அது சித்திக்காக. இதெல்லாம் பின்னால் கல்யாண வீடுகளிலும் விசேஷங்களிலும் கேட்டுக் கேட்டு நான் கோத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். பிடித்துவிட்டால் அப்புறம் ஜாதகம், பேச்சுவார்த்தை, பலகாரம் எல்லாம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. யாருக்கும் மனவருத்தம் வராது என்பது இந்த ஏற்பாட்டின் அருமை. பெண்ணின் மனவருத்தத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சித்தி தபாலில் பி.காம். படித்துவிட்டு, தேங்காய் நார் மில் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மொபெட்டில் போய்வருவாள். அவளைப் பொன்மலைக் கோயிலில் வைத்து ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் தற்செயலாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. மூன்றாவது தடவை சித்தி சாமி கும்பிடத் தனியாகப் படியேறியபோது, அடிவாரத்தில் பூக்கட்டுகிற அம்மா, "இன்னைக்கும் ஆளு வர்றாங்களா அம்மணி?" என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார். சித்தி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இனி கோயிலுக்கு என்னைக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் உடுமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. தென்னந்தோப்பு, ஒரே பையன், அப்பா தவறி வருஷம் திரும்பியிருந்த வீடு. மாமாவுக்கு இந்த இடத்தை விட மனசில்லை. அவர்கள் அப்பா, எங்கள் அப்பச்சி, போன பிறகு தங்கையைக் கரையேற்றுகிற பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. இதுவும் தவறிப்போனால் பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று அவர் பயந்தார். கோயில் வேண்டாம் என்றால் சினிமாக் கொட்டகை என்று அவர் கண்டுபிடித்தார். பொள்ளாச்சி இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது, அங்கே நம்மைத் தெரிந்தவர்களும் குறைவு.

மாமா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பொள்ளாச்சியில் அப்போது ஒரு பெரிய நடிகரின் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உயிரைக் கொடுத்துக் கேட்டது அந்தப் படத்தைத்தான். ஜனம் அலைமோதும், அந்த நெரிசலில் பெண்ணை எங்கே தேடுவது என்று மாமா அதைத் தள்ளிவிட்டார். ஒரு நாள் முழுக்க ஸ்கூட்டரில் கொட்டகை கொட்டகையாகப் போய், "இருக்கறதுலயே கூட்டம் கம்மியா இருக்கற படம் எதுங்க?" என்று விசாரித்திருக்கிறார். ஒரு கொட்டகையில் அவரைக் கேளிக்கை வரி ஆபீசர் என்று நினைத்து, உட்கார வைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்களாம். அப்படி அலைந்து அவர் பிடித்து வந்த படம்தான் என் பட்டியலின் முதல் படம்.

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏனுங்க, கொட்டாய்க்குள்ள வெளக்கை அணைச்சுப்போடுவாங்களே. பொண்ணை எப்புடிங்க பார்க்கறது?"

மாமா உடனே எழுந்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மறுபடியும் பொள்ளாச்சிக்குப் போனார். இடைவேளையைக் கொஞ்சம் நீட்டி விடச் சொல்லிக் கொட்டகைக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். கூட்டமே இல்லாத படத்துக்கு இடைவேளை எவ்வளவு நீண்டால் என்ன என்று அவரும் ஒப்புக்கொண்டாராம்.

வாடகைக் காரில் போனோம். சித்தி மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் மாமா படியுங்கள் படியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். தலையைக் குனிந்து உட்காரு, அங்கே இங்கே திரும்பிப் பார்க்காதே, யாராவது பேசினால் மெதுவாகப் பதில் சொல்லு. சித்தி சரி சரி என்றாள். சினிமாவுக்குப் போகும்போது எதற்குத் தலையைக் குனிய வேண்டும், அப்புறம் படம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

உள்ளே போனால் கொட்டகை மைதானம்போல் கிடந்தது. நாங்கள் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து உட்காரப் போனபோது, அந்த உடுமலைக் குடும்பமும் தற்செயலாக அதே வரிசைக்கு வந்தது. பையன், அவர் அம்மா, அக்கா என்று மூன்று பேர். இவ்வளவு காலி நாற்காலி இருக்க ஏன் இங்கேயே வந்து நிற்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நீங்க முன்னால உட்காருங்க என்று மாமா சொல்ல, ஐயோ நீங்க உட்காருங்க என்று அந்த அம்மா சொல்ல, யாரும் உட்காராமல் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் மரியாதை முற்றிப்போய் நாங்கள் முன்வரிசையிலும் அவர்கள் எங்களுக்கு நேர் பின்னாலும் உட்கார்ந்தோம். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணின் பின்னந்தலையும் மல்லிகைப்பூவும் மட்டும்தான் தெரிந்திருக்கும். மாமாவுக்கு இது உறைத்தபோது விளக்கு அணைந்துவிட்டது.

படம் ஓர் அண்ணன் தம்பி கதை. பெற்றோர் இல்லாத தம்பியை அண்ணன் தூக்கி வளர்க்கிறான். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பிவிடுகிறது. அண்ணனாக நடித்தவரே பணம் போட்டுப் படமெடுத்தவர் என்று பின்னால் சொன்னார்கள். தொடக்கத்திலேயே செத்துப்போகிற அம்மாவாக நடித்தவரைவிட அவருக்கு வயது கூடுதலாகத் தெரிந்தது. தம்பியின் மீசை ஒரு காட்சியில் தடியாகவும் அடுத்ததில் மெல்லிசாகவும் இருந்தது. இவை எதுவும் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்த அண்ணன் என் அண்ணனாகவே ஆகிவிட்டான். சுவர் எழும்பியபோது அழத் தொடங்கினேன்.

இடைவேளை விட்டார்கள். விட்டார்கள் என்றால், விட்டுக்கொண்டே இருந்தார்கள். பாட்டுப் போட்டார்கள், ஜவுளிக்கடை விளம்பரம் போட்டார்கள், மறுபடியும் பாட்டுப் போட்டார்கள். எங்கோ மூலையில் இருந்த நாலைந்து பேர் விசிலடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்கள். பெரியவர்கள் வெளியே தாழ்வாரத்தில் நின்று ஒருவரையொருவர் புதிதாகத் தெரிந்துகொண்டார்கள்.

"நீங்க எந்தூருங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இங்க கிணத்துக்கடவுங்க. நீங்க?"

"உடுமலைப் பக்கமுங்க. சினிமாவுக்கா வந்தீங்க?"

"ஆமாங்க," என்றார் மாமா மிகவும் பணிவாக.

அந்த அம்மா எனக்குக் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். பேரென்ன, என்ன படிக்கிறே என்று தொடங்கி, உங்க சித்தி நல்லாச் சமைப்பாங்களா, கோபப்படுவாங்களா என்று என்னென்னவோ கேட்டார். எனக்கு இருந்த கவலையில் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சித்தி தூணோரம் தலையைக் குனிந்து நின்றாள். எல்லோரும் அவளைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் மட்டும் அவளைப் பார்க்கவே இல்லை. முழுக்கைச் சட்டையும் புதுச் செருப்புமாகத் தனியாக நின்று, ஒட்டியிருந்த சுவரொட்டியில் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய், அண்ணனும் தம்பியும் மறுபடி சேர்ந்துவிடுவார்களா என்று கேட்டேன். அந்த இடத்தில் கேட்கக்கூடிய ஆள் அவர்தான் என்று எனக்குப் பட்டது.

"தெரியலையே கண்ணு," என்றார். "நானும் அதையேதான் நெனச்சுட்டு இருக்கறேன்."

எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. அத்தனை பேரில் படம் பார்க்க வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று தோன்றியது. கரையத் தொடங்கியிருந்த கோன் ஐஸில் ஒரு வாய் அவருக்குக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுபாதியில் நான் பயந்தது நடந்தது. வெயிலில் உழுதுகொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்தான். செய்தி கேட்டுத் தம்பி ஓடி வந்தான். மடியில் தலையை வைத்துக்கொண்டான். அண்ணன் நெடுநேரம் பேசினான். பேசி முடித்துத் தண்ணீர் கேட்டான். தம்பி எழுந்து ஓடினான். எங்கோ தூரத்தில் இருந்த வாய்க்காலில் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். வருவதற்குள் விரலிடுக்கில் எல்லாம் ஒழுகிப்போனது. வெறுங்கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓடினான். மறுபடியும் ஒழுகியது. திரும்பவும் ஓடினான். நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். ஒரே ஒரு சொட்டாவது மிஞ்ச வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அப்போது சித்தி என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"தலைமாட்டுலயே சொம்பு கெடக்குது பாரு."

கிடந்தது. உழவுக்கு வந்தவன் குடிக்கக் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு, மூடி போட்டு, அண்ணன் தலைக்குப் பக்கத்திலேயே பளபளவென்று இருந்தது. படமெடுத்தவர்கள் அங்கிருந்து எடுக்க மறந்திருப்பார்கள். தம்பி அதைத் தாண்டித் தாண்டி வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தான். சித்தியின் தோள் குலுங்கத் தொடங்கியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. தம்பி அடுத்த தடவை சொம்பைத் தாண்டியபோது பெரிதாகச் சிரித்துவிட்டாள். ஆளில்லாத கொட்டகை, அந்தச் சிரிப்பு மோட்டு வளை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா சித்தியின் கையைப் பிடித்து அழுத்தினாள். சித்திக்கோ நிற்கவே இல்லை. நிறுத்தப் பார்த்தால் இன்னும் கூடிக்கொண்டு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பின்வரிசையில் அந்த அம்மாவும் அக்காவும் அசைவில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், திரை வெளிச்சத்தில் அவர்கள் இரண்டு பேர் முகம்தான் தெரிந்தது, நல்லபடியாக இல்லை. பெண்ணின் சிரிப்பு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. கொஞ்சம் தாமதமாக, பின்வரிசையிலிருந்து இன்னொரு சிரிப்பு கேட்டது. அந்தப் பையன் சிரித்தார். முதலில் சின்னதாகத் தொடங்கி, சித்திக்கு ஈடாகப் பெரிதாகச் சிரித்தார். மகனே சிரிக்கும்போது அந்த அம்மாவால் என்ன செய்ய முடியும். அவரும் இதழைக் கொஞ்சம் இழுத்துவைத்தார். மாமா தலையிலிருந்து கையை எடுத்தார்.

அண்ணன் செத்துப்போனான். தம்பி வெறுங்கையோடு நின்றான். அந்த நேரத்தில் சிரித்த இரண்டு பேரையும் நான் மனசார வெறுத்தேன். சித்தியையாவது மன்னித்துவிடலாம், அவள் எப்போதும் அப்படித்தான். இடைவேளையில் என்னோடு சேர்ந்து கவலைப்பட்ட ஆள் இப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவரை நம்பி ஏமாந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

 காரில் திரும்பி வருகையில் கோவில்பாளையம் தாண்டும்போது சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இனிமேல் யாருக்கும் என்னைக் காட்ட வேண்டாம் அண்ணா என்றாள்.  மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து உடுமலையிலிருந்து ஆள் வந்தது. பையனுக்குச் சம்மதம், கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்கிறான் என்று செய்தி. மாமாவால் நம்பவே முடியவில்லை. அம்மா சித்தியிடம் உனக்கு எப்படி என்று கேட்டாள். அந்த ஆளும் சிரிச்சாரில்ல என்று சித்தி சொன்னாள், அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்குப் பிறகு மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கூட்டம் இல்லாத படமாகப் பார்த்துப் பிடித்தது யார் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

கல்யாணத்தில் நான் புதுச் சித்தப்பாவிடம் பேசவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றேன். மாலையும் கழுத்துமாக இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "படத்துல அண்ணன் செத்துப்போனதுக்கு இன்னும் கோவமா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எனக்கும்தான் என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் போய்விட்டேன்.

சொம்புப் படம் என்று அதற்கு எங்கள் குடும்பத்தில் பெயர். எந்த விசேஷமாக இருந்தாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது சித்தியை அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். தம்பி ஓடுவதை அவள் நடித்தே காட்டுவாள். ஊரெல்லாம் பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டுவார்கள், எங்களுக்குப் பார்த்தது ஒரே பொருத்தம், ரெண்டு பேரும் ஒரே எடத்துல சிரிச்சோம் என்று முடிப்பாள். சித்தப்பா ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். நானும் வளர்ந்த பிறகு கோபமெல்லாம் போய், வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். படத்தின் உண்மையான பெயரை மட்டும் ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பட்டியலுக்காக இணையத்தில் தேடினேன். அண்ணன் தம்பி, சுவர், வாய்க்கால் என்று எப்படிப் போட்டாலும் வேறு படங்கள்தான் வந்தன. கடைசியில் சித்தியைக் கேட்கலாம் என்று உடுமலைக்கு போன் போட்டேன். சித்தப்பாதான் எடுத்தார். சித்தி சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருக்கிறாளாம். விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா யோசிக்கவே இல்லை, கேட்ட உடனே பெயரைச் சொன்னார். அண்ணனாக நடித்தவர் பெயர், தம்பி பெயர், சுவர் கட்டும்போது வருகிற பாட்டின் முதல் வரி எல்லாம் சொன்னார். அந்தப் படத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள், தேடினால் கிடைக்காது.

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த படத்தை இவ்வளவு நுணுக்கமாக எப்படிச் சித்தப்பா ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.  தொலைவில் மாடு கத்துவது கேட்டது.

"நான் அன்னைக்கு அழுதுட்டு இருந்தேன் கண்ணு," என்றார்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எங்கய்யன் போகும்போது தண்ணி கேட்டாரு. நான் குடத்தைத் தூக்கிட்டு கெணத்துக்கு ஓடிப்போட்டேன். வந்து பார்த்தா உசுரு இல்லை. கட்டிலுக்கடியிலயே சொம்பு நெறையத் தண்ணி இருந்துருக்குது. என்ற கையாலதான் அதைக் காலையில வெச்சேன்."

அய்யன் என்று அவர் சொல்வது அவருடைய அப்பாவை.  சித்தப்பா தொடர்ந்தார். அவர் குரல் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றிப் பேசுகிற குரலாகவே இருந்தது.

"படத்துல அந்தச் சொம்பை எல்லாரும் தப்புங்கறாங்க. அந்த நேரத்துல சொம்பு கண்ணுக்குத் தெரியாது கண்ணு. எடுத்தவனுக்குத் தெரிஞ்சுதான் வெச்சிருப்பான்னு இன்னைக்கும் நான் நெனைக்கறேன்."

அப்படியானால் எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். எனக்குள் இருந்த ஒன்பது வயதுக்காரி இத்தனை வருஷமாகக் கேட்கக் காத்திருந்த கேள்வி அது.

"உங்க சித்தி ஒருத்தி தனியாச் சிரிச்சுட்டு இருந்தா. எங்கம்மா மொகம் போன போக்கைப் பார்த்தேன். உங்க மாமா தலையில கைய வெச்சுப்போட்டாரு. பாவம், அந்தப் புள்ளையால நிறுத்த முடியலை. கூட ஒரு ஆளு சிரிச்சா சரியாப்போயிரும்னு தோணுச்சு."

சித்திக்கு இது தெரியுமா என்று கேட்டேன். சொன்னதில்லை என்றார். அவள் சந்தோஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிற கதை, அதில் கொண்டுபோய் இதை எதற்குப் போடுவது என்றார். அதற்குள் மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து, யாருகிட்டங்க பேசிட்டு இருக்கறீங்க என்று சித்தியின் குரல் கேட்டது. நம்ம கண்ணுதான், அந்தச் சொம்புப் படத்தைக் கேட்குது என்று சித்தப்பா சொன்னார்.

சித்தி அங்கிருந்தே பெரிதாகச் சிரித்தாள். பொள்ளாச்சிக் கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பு. கொஞ்சம் தாமதமாகச் சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தக் கொஞ்ச நேரத் தாமதம் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த எனக்கு அன்றைக்கும் கேட்டிருந்தது. அந்தக் கொட்டகையில் நான் ஒருத்திதான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.